உணவு, உடற்பயிற்சி, உடலின் ஆற்றல்: ஒரு மருத்துவ ஆய்வைப் படித்துப் பார்ப்பது எப்படி?

காலை உணவைத் தவிர்த்தால் உடல் சுறுசுறுப்படையும் என்று ஒரு செய்தி வருகிறது. தவிர்த்தால் நாள் முழுவதும் சோர்வு வாட்டும் என்று அடுத்த வாரமே மற்றொரு செய்தி வருகிறது. இரண்டும் ‘ஆய்வு கூறுகிறது’ என்றே தொடங்குகின்றன. மருத்துவப் பயிற்சி இல்லாவிட்டாலும், செய்திக்குப் பின்னால் இருக்கும் ஆய்வைத் தாமே எடுத்துப் படித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளி அறிவியலும் சற்றுப் பொறுமையும் போதும். இந்தத் துறையின் ஆய்வுகளைப் பொறுத்தவரை, முடிவை நம்பலாமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அளவீட்டு முறையிலேயே கிடைத்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அந்தப் பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: மூலக் கட்டுரையை எடுங்கள்

செய்தியில் ஆய்வாளரின் பெயரோ, பல்கலைக்கழகமோ, இதழின் பெயரோ ஏதேனும் ஒன்று இருக்கும். அதைக் கொண்டு, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் தளத்தில் தேடினால் கட்டுரையின் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும். பல கட்டுரைகளின் முழு வடிவமும் பப்மெட் சென்ட்ரல் பகுதியில் கட்டணமின்றி உள்ளது. மூன்று பெயர்களில் ஒன்றுகூட இல்லாத செய்தியை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். கட்டுரை ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலியின் துணையைக் கொள்ளலாம்; ஆனால் எண்களை மட்டும் மூலத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை கைக்கு வந்ததும் முடிவுரைக்குத் தாவாமல் ‘முறைகள்’ என்ற பகுதியை முதலில் படியுங்கள். முடிவுரையில் ஆய்வாளர் தம் எண்ணத்தைச் சொல்கிறார். முறைகள் பகுதியில்தான் அவர் உண்மையில் என்ன செய்தார் என்பது இருக்கிறது.

இரண்டாம் படி: எதை அளந்தார்கள் என்று பாருங்கள்

ஆற்றல் என்ற தலைப்பின்கீழ் இரண்டு வேறுபட்ட வகை ஆய்வுகள் வருகின்றன. முதல் வகை, உடல் ஒரு நாளில் எத்தனை கிலோகலோரி செலவிடுகிறது என்பதைக் கருவிகளால் அளக்கிறது. இரண்டாம் வகை, ஒருவர் தம்மை எவ்வளவு தெம்பாக அல்லது களைப்பாக உணர்கிறார் என்பதை வினாத்தாள் மூலம் கேட்டறிகிறது. செய்திகளில் இவை இரண்டும் கலந்துவிடுகின்றன. கலோரிச் செலவைக் கூட்டிய பானம் தெம்பைக் கூட்டியதாக எழுதப்படுகிறது.

இந்த இரண்டும் ஒன்றையொன்று பின்தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத, தொடர்ந்து களைப்பை உணர்ந்துவந்த 36 இளைஞர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு மிதமான வேகத்திலும் இன்னொரு குழு மெதுவாகவும் வாரம் மூன்று முறை, 20 நிமிடங்கள் உடற்பயிற்சி மிதிவண்டியை ஓட்டின; மூன்றாவது குழு எதுவும் செய்யவில்லை. ஆறு வாரங்களில், ஓட்டிய இரு குழுவினரும் தெம்பு சுமார் 20 சதவீதம் கூடியதாகத் தெரிவித்தனர். களைப்பு மெதுவாக ஓட்டியவர்களிடம் 65 சதவீதமும், மிதமான வேகத்தில் ஓட்டியவர்களிடம் 49 சதவீதமும் குறைந்தது. இதயமும் நுரையீரலும் எவ்வளவு தேறின என்பதற்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. உடல் திறனில் பெரிய முன்னேற்றம் இல்லாமலேயே ஒருவர் தெம்பாக உணரலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

வினாத்தாள் ஆய்வு என்பதால் தரம் குறைந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவரின் களைப்பை அவரைத் தவிர வேறு யாராலும் உணர முடியாது; அதை அறிய அவரைக் கேட்பதுதான் நேர்மையான வழி. கேட்ட விதமும் ஒப்பிட்ட விதமும் சரியா என்பதே கவனிக்க வேண்டியது.

மூன்றாம் படி: எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள்

கலோரிச் செலவை அளக்கும் ஆய்வாக இருந்தால், கருவி எது என்று தேடுங்கள். நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன.

பழமையானதும் மிக நுட்பமானதும் கலோரிமீட்டர் அறை. அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டரும் எட்வர்ட் ரோசாவும் 1890களில் இத்தகைய அறையை உருவாக்கினார்கள். ஒரு மனிதர் அதற்குள்ளேயே உண்டு, உறங்கி, மிதிவண்டி மிதித்து நாள்கணக்கில் இருப்பார்; அவர் வெளியிடும் வெப்பமும் கரியமில வாயுவும் அளக்கப்படும். உணவுப் பொட்டலங்களில் இன்று கலோரியைக் கணக்கிடப் பயன்படும் எண்கள், அதாவது மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 கிலோகலோரி என்பவை, அட்வாட்டரின் பணியிலிருந்தே வந்தவை. இப்போதைய அறைகள் சுவாச வாயுக்களை மட்டும் அளந்து, அதிலிருந்து ஆற்றலைக் கணக்கிடுகின்றன. குறை ஒன்றுதான்: அறைக்குள் இருக்கும் வாழ்க்கை வீட்டு வாழ்க்கை ஆகாது.

இரண்டாவது, படுத்திருப்பவரின் தலைமேல் வெளிப்படையான கவிகையை வைத்து அரை மணி நேர அளவுக்கு மூச்சை அளப்பது. இரவு முழுவதும் உண்ணாமல் இருந்து காலையில் செய்யப்படும் இந்தச் சோதனை, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலை மட்டுமே காட்டும். நம்மில் பெரும்பாலோருக்கு நாள் செலவில் 60 முதல் 70 சதவீதம் இதுதான். உண்ட உணவைச் செரிப்பதற்கு ஏறத்தாழ 10 சதவீதம் செல்கிறது. எஞ்சியது அசைவுக்கும் உழைப்புக்கும். ஆகவே, கவிகை முறையில் மட்டும் அளந்துவிட்டு, இந்த உணவு நாள் முழுவதும் கலோரிச் செலவைக் கூட்டுகிறது என்று ஒரு கட்டுரை எழுதினால், அளந்ததைவிட அதிகமாகச் சொல்கிறது என்று பொருள்.

மூன்றாவது முறைக்கு இரட்டைக் குறியிட்ட நீர் என்று பெயர். ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியமும், ஆக்சிஜனின் கனமான வடிவமான ஆக்சிஜன்-18உம் கலந்த நீரைக் குடிக்கத் தருகிறார்கள். டியூட்டீரியம் சிறுநீர், வியர்வை போன்ற நீராக மட்டுமே உடலைவிட்டு வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குச் சிறுநீரைச் சேகரித்து இவ்விரண்டும் குறையும் வேகங்களின் வேறுபாட்டைக் கண்டால், உடல் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிட்டது, அதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாகியிருக்கும் என்பது தெரிந்துவிடும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நாதன் லிஃப்சன் விலங்குகளுக்காக உருவாக்கிய இம்முறையை, டேல் ஷோலர் 1982இல் மனிதர்களிடம் பயன்படுத்திக் காட்டினார். ஆய்வில் இருப்பவர் வழக்கம்போல் வேலைக்குப் போகலாம், வயலில் உழைக்கலாம், பிள்ளைகளோடு விளையாடலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு. செலவு மிகுந்த முறை என்பதாலேயே எல்லா ஆய்வுகளிலும் இதைக் காண முடிவதில்லை. காணும்போது அந்தக் கட்டுரையின் மீது என் மதிப்பு உயர்ந்துவிடுகிறது.

நான்காவது வழி, மக்கள் தாமே எழுதித் தரும் குறிப்புகளும் கையில் கட்டும் கருவிகளும். பெரும்பாலான ஆய்வுகள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு, நாளைக்கு 1,200 கிலோகலோரிக்குக் குறைவாகவே உண்டும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை இரட்டைக் குறியிட்ட நீரால் சோதித்தது. அவர்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் மதிப்பிட்டிருந்தார்கள். அவர்களின் வளர்சிதை மாற்றத்தில் குறை எதுவும் காணப்படவில்லை. இதைப் பொய் என்று சொல்வது அநியாயம். தாளிக்க ஊற்றிய எண்ணெயையும், நின்றபடி வாயில் போட்டுக்கொண்ட கைப்பிடிக் கடலையையும் யாரும் நினைவில் வைப்பதில்லை. கைக் கருவிகளின் நிலையும் இதுதான்: ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவின்படி, இதயத் துடிப்பைப் பெரும்பாலான கருவிகள் சரியாகக் காட்டின, கலோரிச் செலவில் மிகத் துல்லியமான கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம் தவறியது. உணவுக் குறிப்பையும் கைக் கருவியையும் மட்டும் கொண்டு நாளைக்கு 100 கிலோகலோரி வேறுபாடு கண்டதாக ஒரு கட்டுரை சொன்னால், அந்த 100 கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும்.

நான்காம் படி: யாரோடு ஒப்பிட்டார்கள்?

ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில், ‘முன்பு இப்படி, பின்பு அப்படி’ என்பது மட்டுமே இருக்கும். களைப்பைப் பொறுத்தவரை இது பெரிதும் ஏமாற்றக்கூடியது, ஏனென்றால் மிகவும் களைத்திருக்கும் நேரத்தில்தான் ஒருவர் ஆய்வில் சேர வருகிறார். எதுவும் செய்யாவிட்டாலும் அவர் ஓரளவு தேறுவார். கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது.

பிரான்ஸ் நாட்டு மருத்துவர்களிடம் களைப்புக்காக வந்த 198 பெண்களிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கு இரத்தசோகை இல்லை. ஆனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 50க்குக் கீழே இருந்தது. பாதிப் பேருக்கு நாளைக்கு 80 மில்லிகிராம் இரும்புச்சத்தும், மற்றவர்களுக்கு அதே தோற்றமுள்ள போலி மாத்திரையும் 12 வாரங்கள் தரப்பட்டன. இரும்புச்சத்து எடுத்தவர்களின் களைப்பு 47.7 சதவீதம் குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் 28.8 சதவீதம் குறைந்தது. மாத்திரையின் உண்மையான பங்கு இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இருந்திருந்தால், களைப்பைப் பாதியாகக் குறைத்த மாத்திரை என்று அது விற்கப்பட்டிருக்கும்.

உடற்பயிற்சிக்குப் போலி மாத்திரை கிடையாது. தாம் ஓடுகிறோமா உட்கார்ந்திருக்கிறோமா என்பது பங்கேற்பவருக்குத் தெரியாமல் போகாது. எனவே பயிற்சி ஆய்வுகளில், ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அளவு நேரமும் கவனிப்பும் கிடைத்தனவா என்று பாருங்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சியாளரும் நண்பர் வட்டமும் கிடைக்க, மறு குழு வீட்டிலேயே காத்திருந்தது என்றால், வேறுபாடு முழுவதையும் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது.

உணவு ஆய்வுகளில் சிறந்த வடிவம், ஒரே நபர் இரண்டு உணவு முறைகளையும் அடுத்தடுத்து உண்பது. பெதஸ்தாவிலுள்ள அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மருத்துவமனையில் கெவின் ஹால் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேர் நான்கு வாரங்கள் அங்கேயே தங்கி, இரண்டு வாரங்கள் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவையும் இரண்டு வாரங்கள் குறைந்த அளவே பதப்படுத்தப்பட்ட உணவையும் விரும்பிய அளவு உண்டார்கள். தட்டில் வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் ஒத்திருந்தன. பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளைக்குச் சுமார் 500 கிலோகலோரி அதிகமாக உண்டு 0.9 கிலோ எடை கூடினார்கள். மற்ற உணவின்போது அதே அளவு குறைந்தார்கள். 20 பேர் என்ற எண்ணிக்கை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு கவளமும் எடை போடப்பட்ட 20 பேர், நினைவிலிருந்து எழுதிய ஆயிரக்கணக்கானவர்களைவிட இந்தக் கேள்விக்கு நம்பகமான விடை தருகிறார்கள் என்றே கருதுகிறேன்.

ஐந்தாம் படி: காலத்தையும் கடைப்பிடிப்பையும் பாருங்கள்

மேற்சொன்ன ஆய்வு இரண்டு வாரங்களைப் பற்றியே பேசுகிறது. இரண்டு ஆண்டுகளைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது. காலம் நீளும்போது உடல் தன் செலவைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தும், ஓய்வில் உடல் செலவிட்ட ஆற்றல் அவர்கள் உடலளவுக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிட நாளைக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி குறைவாகவே இருந்தது.

நீண்ட ஆய்வுகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. சொன்னபடி யாரும் முழுமையாக நடப்பதில்லை. பருமன் இல்லாத 218 பேர் பங்கேற்ற ‘கேலரி’ என்ற இரண்டாண்டு ஆய்வின் இலக்கு, உண்ணும் ஆற்றலை 25 சதவீதம் குறைப்பது. உண்மையில் குறைந்தது சுமார் 12 சதவீதமே. ஊக்கமும் மருத்துவ மேற்பார்வையும் இருந்தவர்களுக்கே இதுதான் முடிந்தது. ஆகவே முடிவுகளைப் படிக்கும்போது, திட்டமிட்ட உணவு எது என்பதோடு உண்மையில் உண்ட உணவு எது, எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: முன்பே அறிவித்த இலக்கையே அறிக்கையில் தந்தார்களா?

மருத்துவச் சோதனைகள் தொடங்கும் முன்பே, எதை அளக்கப்போகிறோம் என்பதைப் பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். இந்தியாவில் இதற்கான பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கப்பட்டது. இலங்கைக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. கட்டுரையில் உள்ள பதிவு எண்ணைத் தேடி, அன்று சொன்னதையும் இன்று எழுதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இது ஏன் தேவை என்பதற்குப் பிரிட்டனின் ‘பேஸ்’ ஆய்வைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நாட்பட்ட களைப்பு நோய் கொண்ட 641 பேரிடம், படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சியும் மனநலச் சிகிச்சையும் பயன் தருவதாக 2011இல் லான்செட் இதழ் வெளியிட்டது. 100க்கு மதிப்பிடப்படும் உடலியக்க அளவுகோலில் 65 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களையே நோயுற்றவர்களாகக் கருதி ஆய்வில் சேர்த்திருந்தார்கள். குணமடைந்தவர் என்பதற்கு முதலில் அறிவித்த வரம்பு 85. பின்னர் அது 60ஆகத் தளர்த்தப்பட்டது. சேரும்போதே இருந்த நிலையைவிடக் கீழே போன ஒருவர்கூட இந்த அளவுகோலில் மட்டும் ‘குணமானவர்’ வரம்பைத் தொட்டுவிடலாம் என்பதை நோயாளிகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள். 2016இல் தீர்ப்பாயத்தின் உத்தரவால் தரவுகள் வெளியானபின், முதலில் அறிவித்த அளவுகோலின்படி மறுகணக்கிட்டபோது குணமடைந்தோர் விகிதம் வெகுவாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் தம் முடிவில் உறுதியாகவே இருக்கிறார்கள். ஆனால் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், சான்றுகள் அனைத்தையும் மறுபடி எடைபோட்டு, இந்நோய்க்கு அத்தகைய பயிற்சியைத் தரக் கூடாது என்று 2021இல் அறிவித்தது.

ஏழாம் படி: சதவீதத்தின் பின்னால் உள்ள எண்ணிக்கையையும், சராசரியின் பின்னால் உள்ள மனிதர்களையும் பாருங்கள்

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்து 2006இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, உணவும் நடைப்பயிற்சியும் நீரிழிவின் அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்ததாகக் காட்டியது. எண்ணிக்கையாகச் சொன்னால், மூன்று ஆண்டுகளில் பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கும், வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேருக்கும் நீரிழிவு வந்தது. இரண்டு வடிவங்களும் உண்மையே; ஆனால் இரண்டாவதுதான் ஒருவர் தமக்காக முடிவெடுக்க உதவும்.

சராசரியும் இப்படித்தான். மேயோ கிளினிக்கில் 16 பேருக்கு எட்டு வாரங்கள் நாளைக்கு 1,000 கிலோகலோரி கூடுதலாக ஊட்டியபோது, சிலர் அரைக் கிலோகூடக் கொழுப்பு சேர்க்கவில்லை, வேறு சிலர் நான்கு கிலோவுக்கு மேல் சேர்த்தார்கள் என்று 1999இல் ஜேம்ஸ் லெவீனும் அவர் குழுவினரும் எழுதினார்கள். அந்த வேறுபாட்டைப் பெரிதும் தீர்மானித்தது உடற்பயிற்சி அல்ல. எழுவது, நடப்பது, அசைவது போன்ற திட்டமிடாத சிறு இயக்கங்கள். ஆகவே சராசரியை மட்டும் தரும் கட்டுரையில், தனித்தனி நபர்களின் முடிவுகளைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

எட்டாம் படி: பங்கேற்றவர்கள் உங்களைப் போன்றவர்களா?

ஜார்ஜியா ஆய்வில் மெதுவான மிதிவண்டிப் பயிற்சி உதவியது நோயில்லாத இளைஞர்களுக்கு. நாட்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களுக்கோ, சிறு உழைப்பும் அடுத்த நாள்களில் நிலையை மோசமாக்கிவிடக்கூடும். ‘களைப்புக்கு உடற்பயிற்சி மருந்து’ என்ற ஒரே வாக்கியம் முதலாமவருக்கு நன்மையையும் இரண்டாமவருக்குத் தீங்கையும் செய்யும்.

இன வேறுபாடும் உண்டு. ஓய்வுநிலை ஆற்றலைக் கணக்கிட உலகெங்கும் பயன்பட்ட 1985ஆம் ஆண்டு ஸ்கோஃபீல்டு சூத்திரங்களின் அடிப்படைத் தரவில் ஏறத்தாழ பாதி இத்தாலியர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. வெப்ப மண்டல மக்களுக்கு அது செலவை மிகையாகக் காட்டுவது பின்னர் தெரியவந்தது. வயதைப் பற்றிய நம்பிக்கையும் திருத்தம் பெற்றிருக்கிறது. 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டவர்களின் இரட்டைக் குறியிட்ட நீர் அளவீடுகளைத் தொகுத்து ஹெர்மன் பான்ட்சரும் பிறரும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடலளவைக் கணக்கில் கொண்டால், ஆற்றல் செலவு 20 வயதிலிருந்து 60 வயதுவரை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. அதன்பிறகே மெல்லக் குறைகிறது. முப்பதைத் தாண்டியதால் செலவு குறைந்துவிட்டது என்று சொல்லி விற்கப்படும் தூள்களுக்கு இதில் ஆதாரம் இல்லை.

உங்களுக்கே பல வாரங்களாகக் காரணம் தெரியாத களைப்பு இருந்தால், கட்டுரைகளை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரிடம் சென்று இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வில் நீங்களே பங்கேற்க விரும்பினால்

பதிவேட்டில் ஊரையும் பொருளையும் தேடினால், ஆள்சேர்ப்பு நடக்கும் ஆய்வுகள் தெரியவரும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் உங்களுக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் சென்று நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடலாம். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சைக்குக் குறை வராது, ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்ற மூன்றும் படிவத்தில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரட்டைக் குறியிட்ட நீரைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதிலுள்ள இரு கனமான வடிவங்களும் கதிரியக்கம் அற்றவை, கைக்குழந்தைகளிடமும் கருவுற்ற பெண்களிடமும்கூட இம்முறை பயன்படுத்தப்பட்டிருக்கிறது. அளவீட்டுக்கு முந்தைய இரவு உண்ணாமல் இருக்கச் சொல்வார்கள் என்பதால், நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதைச் சேரும் நாளிலேயே ஆய்வு மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.